பிரான்சில் ஒரு மணி நேரம்

மலைப்பாதை வளைவில், சிக்னல் கிடைக்கிற ஒரே பாறைமேல் அமுதவல்லி நிற்கிறாள். சாயங்கால வெயில் புளியமரங்களுக்குப் பின்னால் மஞ்சளாகச் சரிகிறது. காதில் அழுத்திய போனில் ஓசூரிலிருந்து மேனேஜர் பேசுகிறார். விமான இறக்கைக்கான அதே அலுமினியத் துண்டைப் பிரான்சில் ஒரு மணி நேரத்தில் வெட்டி முடிக்கிறார்கள். அவள் பொறுப்பிலுள்ள பிரிவில் நாலு மணி நேரம் ஆகிறது. "அங்க மெஷினே டூல் மாத்திக்குது சார். இங்க எங்க பொண்ணுங்க கையால மாத்துறாங்க. கரண்ட் போனா மறுபடி முதல்லேர்ந்து," என்கிறாள். "எனக்குத் தெரியும்மா. பிரான்ஸ் கம்பெனிக்காரங்க காரணம் கேக்கல. ஒரு மணி நேரத்துல முடியுமா, இல்ல உங்க பிரிவ மூடிடலாமா?" பாறையடியில் புல்லைக் கிள்ளிக்கொண்டிருந்த சசிகலா, போனிலிருந்து கசிந்த அந்தக் கேள்வி காதில் விழ, நிமிர்ந்து பார்க்கிறாள். அந்த மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். திருவிழாவுக்காக இருவரும் சேர்ந்து ஊருக்கு வந்திருக்கிறார்கள். அந்தப் பழைய மெஷினில் அது நடக்காது. மலைமேல் புதூர்நாடு போகிற ஜீப் ஒன்று உறுமியபடி மேடேறுகிறது. அந்த இரைச்சலுக்கும் மேலே, தொண்டை கிழிய, "முடியும் சார்! முடியும்!" என்று கத்துகிறாள். பதிலில்லை. போனை இறக்கிப் பார்க்கிறாள். தொடர்பு எப்போதோ அறுந்திருக்கிறது. மறுபடி அழைக்கிறாள்; போகவில்லை. "இன்னாக்கா, முடியும்னு சொல்ட்டீங்களா?" சசிகலாவின் முகமெல்லாம் சிரிப்பு. "எங்க பிரிவ மூட மாட்டாங்கன்னு வூட்ல சொல்லிட்டு வர்றேன்." செருப்பைக்கூட மாட்டாமல் சரிவில் இறங்கி ஓடுகிறாள். அவளைத் திருப்பிக் கூப்பிட அமுதவல்லிக்கு வாய் வரமாட்டேன் என்கிறது.