பழைய முட்டு

“கழட்டின பழைய முட்டு ரப்பர் ரெண்டும் எனக்குத் திருப்பி வேணும் அண்ணே.”

உதிரிபாகக் கடைக்காரர் டீ டம்ளரை மேசைமேல் வைத்தார். அவர் தலைக்கு மேலேயே பலகை தொங்கியது: கழற்றிய பழைய சாமான் திருப்பித் தரப்பட மாட்டாது. காலையில் அவள் அம்மாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லி அனுப்பியிருந்தாள். அங்கே போய்ப் பழசைக் கேட்டு நிற்காதே, ஏன் எதுக்கு என்று நோண்டுவார், நீ வாயை அடக்க மாட்டாய், வீட்டு விஷயம் வெளியே தெரிந்தால் அப்பா தலை நிமிர மாட்டார் என்று.

“பலகையைப் படிச்சியா?”

“படிச்சேன். அதுக்குத்தானே காலேஜுக்கு அனுப்பினாங்க.”

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்பதால் அவருக்கு அவள் ‘டிகிரி’. வாங்கிய கையோடு அப்பாவின் பிக்கப்பை ஓட்ட வந்துவிட்டாளே என்று தெருவே உச்சுக்கொட்டியது. உச்சுக்கொட்டிய ஒவ்வொருவரும் அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

“போன மாசம் இதே இடத்துல நின்னு என் உயிரை எடுத்தியே டிகிரி, மறந்துட்டியா?”

மறக்கவில்லை. வண்டி குழியில் விழும்போது ஆக்சில் துள்ளி வந்து சேஸிஸில் மோதாமல் நடுவில் தாங்குகிற, கைமுட்டி அளவு ரப்பர்தான் முட்டு. அப்பா வண்டியில் இருந்தது கல்லாய் இறுகிப்போயிருந்தது. ஒவ்வொரு குழிக்கும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்க்கச் சகிக்காமல்தான் அவள் இங்கே வந்தாள். கம்பெனி ரப்பர், வெளியே செய்த கறுப்பு ரப்பர், நுரை மாதிரி அமுங்குகிற மஞ்சள் ரப்பர். மூன்றையும் வரிசையாக வைக்கச் சொல்லி, கட்டைவிரலால் அமுக்கி, போனில் படித்து, லோடு ஏற்றினால் எவ்வளவு இறங்கும் என்று குறுக்கு விசாரணை செய்து, மஞ்சளைப் பொறுக்கியது அவளேதான்.

“ஏன், மஞ்சள் சரியில்லையா?”

“ரொம்ப நல்லாருக்கு. ரோட்ல குழி இருக்கறதே தெரியல.”

“அப்புறம் என்ன கேடு?”

“அப்பா பேச மாட்டேங்கறாரு.”

முன்பெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் வழி முழுக்க அவருக்கு வாய் ஓயாது. ஒவ்வொரு குழிக்கும் பேர் வைத்திருந்தார். தடால் என்று விழுந்து நெஞ்சு வரை அதிர வைப்பது மாமியார். அடுத்தடுத்து வருகிற இரண்டும் இரட்டைப்பிள்ளை. பாலத்து விளிம்பு வக்கீல். “மாமியார் வந்துட்டா பாப்பா, இனி மாவு மில் திருப்பம், கியரைக் குறை” என்பார், ஏதோ அவர் கையில்தான் ஸ்டீயரிங் இருப்பதுபோல. அவளும் முணுமுணுத்துக்கொண்டே குறைப்பாள்.

மஞ்சள் ரப்பர் போட்ட அன்றோடு அந்தப் பேச்சு நின்றது. இடையில் எப்போதாவது ஒரே கேள்வி: “மில்லு தாண்டிட்டமா?” இன்று காலை ஏறும்போது, இதுதான் கடைசி, நாளையிலிருந்து நீயே போய்க்கோ, மூட்டை மாதிரி உட்கார்ந்து வர நான் எதுக்கு என்று சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவளை இங்கே இழுத்து வந்தது.

“ரோஷக்காரரு” என்றார் கடைக்காரர். “பொண்ணு ஸ்டீயரிங்கைப் புடுங்கிட்டாளேன்னு கோவம். உம்மேல இருந்தா சரி, என்மேல எதுக்கு? இங்கேருந்து கையைக் காட்டறேன். நேரா என்னையேதான் பாக்கறாரு. ஒரு தலையசைப்பு கிடையாது. எத்தனை வருஷப் பழக்கம்.”

சுருக்கென்று ஒரு பதில் தொண்டை வரை வந்தது. அம்மாவின் முகம் குறுக்கே வந்து நின்றது. விழுங்கிக்கொண்டாள்.

“நான் புடுங்கல. அவரே சாவியைக் குடுத்தாரு. ரப்பரைக் குடுங்க.”

அவர் கறுப்பு ரப்பரை எடுத்து முன்னே வைத்து, மஞ்சளைவிடக் கெட்டி, இதைப் போட்டுப் பார் என்றார். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தள்ளினாள்.

“இது வேற மாதிரி இடிக்கும். எனக்குப் பழைய இடி வேணும்.”

“உலகத்துல எவளாவது இடி வேணும்னு கேப்பாளா? பழசெல்லாம் காயலான் கடைக்குப் போயாச்சு, போ.”

அவள் குனிந்தாள். மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் இருந்ததைப் பிடுங்கினாள். மேசை சாய்ந்தது, டம்ளர் சறுக்கியது. “ஏய், ஏய்” என்று கடைக்காரர் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

“இன்னொண்ணு?”

அவர் கண் தன்னையறியாமல் வாசலுக்குப் போனது. கதவுக்கு முட்டுக் கொடுத்தபடி அது அங்கே கிடந்தது.

“சொன்னாக் கேளு டிகிரி. இதைப் போட்டா மறுபடி ஒவ்வொரு குழியும் அவர் முதுகுலதான் இறங்கும்.”

“இறங்கட்டும்.”

வாசலில் கிடந்ததை எடுத்தாள். சாத்திக்கொள்ள வந்த கதவைத் தோளால் தடுத்தாள். வெளியே பிக்கப்பில், ஜன்னலில் கையை மடக்கி வைத்து, முகத்தைக் கடைப்பக்கமே திருப்பி உட்கார்ந்திருந்தார் அப்பா. கடைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கையால் மேசையைத் தாங்கியபடியே மறு கையைத் தூக்கி அவரைப் பார்த்து ஆட்டினார்.

அம்மாவை வீட்டுக்குப் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம்.

“கையைக் காட்டாதீங்க அண்ணே, குரல் குடுங்க” என்றாள், வெளியே கால் வைத்தபடி. “காது நல்லாக் கேக்கும். கண்ணு போனதுலேருந்து, குழி இடிச்சாத்தான் அப்பாவுக்கு ரோடு தெரியுது.”