இன்னொரு புழு

"சவுரிராயன், காய்கறிக் கடைக்குப் போய்ப் பூச்சி அரித்த கத்தரிக்காய் ஒன்று வாங்கி வாரும். உள்ளே புழு உயிரோடு இருக்க வேண்டும்."

கம்பவுண்டர் சவுரிராயனுக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது. விழுப்புரத்தில் இந்த டிஸ்பென்சரியில் இருபது வருஷமாக மருந்து கலக்குகிறவர். நல்ல கத்தரிக்காய் வாங்குவதே அவர் வேலையில் சேராது.

அதைவிடக் குழப்பம், சொன்னவர் டாக்டர் நடராசன். பல்லில் புழு என்று ஒன்று கிடையவே கிடையாது என்று சென்ற ஆண்டு, அதாவது 1937-இல், மூன்று வாரம் தொடர்ந்து பத்திரிகையில் எழுதியவர். அதையே ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டியவர். போன மாதம்கூடக் கடைத்தெருவில் பல்புழு எடுக்க உட்கார்ந்த ஒருவனை, நாக்கூசாமல் பொய் சொல்கிறாயே என்று எழுப்பி விரட்டியவர்.

உள்ளே பெஞ்சில் அம்சா உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. வலது கன்னம் பன் ரொட்டி போல வீங்கியிருந்தது. மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்கவில்லை. கடைவாய்ப் பல் சொத்தை, அடியில் சீழ். இன்றைக்கே பிடுங்காவிட்டால் சீழ் தாடைக்குள் பரவிவிடும் என்று அவள் அப்பன் சின்னக்கண்ணுவிடம் டாக்டர் சொல்லியாகிவிட்டது.

அவள் வாயைத் திறந்தால்தானே? இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தாள்.

காரணத்தைச் சின்னக்கண்ணு சொன்னான். திண்டிவனம் சந்தையில் ஒரு வைத்தியனிடம் முதலில் காட்டியிருக்கிறார்கள். அவன் குழாய் வைத்துப் புகை போட்டு, ஒரு வெள்ளைப் புழுவை உள்ளங்கையில் எடுத்துக் காட்டி, உள்ளே இன்னொன்று இருக்கிறது, அடுத்த சந்தைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டான். பல்லை அசைத்தால் அந்த இன்னொரு புழு தொண்டைக்குள் இறங்கிவிடும் என்று அன்றிலிருந்து அவளுக்குப் பயம். வீக்கம் கண்ட பிறகுதான் ரயிலேறி இங்கே வந்திருக்கிறார்கள்.

டாக்டர் ஒரு மணி நேரம் விளக்கினார். பல்லின் படம் வரைந்து பாகம் குறித்தார். கட்டுரையின் இரண்டாம் பகுதி முழுவதையும் அவளுக்குச் சொல்லி முடித்தார். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். கை மட்டும் நகரவில்லை. அமுக்கிப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று சின்னக்கண்ணு கேட்டதற்கு அவன் மேல் கோபித்துக்கொண்டார்.

கடைசியில் அவள் முன்னால் குனிந்து கேட்டார்.

"அந்தப் புழுவைப் பிடித்து, உன் கண்ணெதிரே தட்டில் போட்டால் வாயைத் திறப்பாயா?"

விரலிடுக்கு வழியாகப் பதில் வந்தது. "தொண்டைக்குள்ள போவாம புடிப்பீங்களா?"

"பிடிப்பேன்."

அதற்குத்தான் கத்தரிக்காய்.

சவுரிராயன் போனார். ஓட்டை விழுந்த காயாகத் தேடிப் பொறுக்கிய தன்னைக் கடைக்காரன் பார்த்த பார்வையை யாரிடம் சொல்வது? டிஸ்பென்சரிக் கொல்லையில் காயை அறுத்ததும் கொழுத்த புழு ஒன்று கிடைத்தது. பஞ்சில் சுற்றி டாக்டர் கையில் கொடுத்தபோது, சந்தை வைத்தியனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியது. வாசல் பலகையை ஒருமுறை எட்டிப் பார்த்ததோடு சரி.

அம்சா வாயைத் திறந்தாள். ஈறில் மரப்பு மருந்து, பிறகு குறடு, இரண்டு ஆட்டு. பல் வந்துவிட்டது. அவள் வாய் கொப்பளிக்கக் குனிந்த நேரத்தில் டாக்டரின் இடது கை மிச்ச வேலையை முடித்தது.

பீங்கான் தட்டில் பல். பக்கத்தில் புழு. பல்லைவிடப் புழு சற்று நீளம். இது டாக்டருக்குப் படவில்லை, சவுரிராயனுக்குப் பட்டது.

அம்சா தட்டைப் பார்த்தாள். குனிந்து இன்னும் கிட்டத்தில் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆமாங்க, இதேதான்," என்றாள்.

டாக்டர் யார் முகத்தையும் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார்.

சவுரிராயனுக்கு மனசு ஆறவில்லை. ஒரு குழந்தையை ஏமாற்றியதில் தனக்கும் பங்கு. வாசல் வரை கூடவே வந்து, இனிமேல் பயமில்லையே என்று அவளைக் கேட்டார்.

அப்பன் தோளிலிருந்து குனிந்து, பஞ்சு அடைத்த வாயால் அவள் குசுகுசுத்தாள்.

"இல்லீங்க. அது கத்தரிக்காப் புழுதானே? பண்ணைத் தோட்டத்துல தெனம் அதைப் பொறுக்கிக்கினு இருக்கறவ நானு. பல்லுல நெசமாவே புழு இருந்தா, அவரு ஏன் வேற புழுவைக் கொண்ணாந்து வைக்கணும்? அவரு சொன்னதுதாங்க நெசம். பல்லுல புழுவே கெடையாது."

"பின்னே ஏன் இதேதான்னு சொன்னே?"

"நான் நம்பணும்னு எவ்ளோ பாடுபட்டாரு, பாவம். நீங்க அவருகிட்ட சொல்லிடாதீங்க."