பத்துக்கு இரண்டு

தான் இறக்குமதி செய்த கொரிய நூடுல்ஸுக்குப் பத்துக்கு இரண்டு மார்க் போட்ட யூடியூப்காரன் எபினேசரை நாற்காலியில் கட்டிப்போட்டு, அதையே கொதிக்கக் கொதிக்க ஊட்டினான் தவமணி. குடோன் முழுக்க விலைபோகாத பெட்டிகள்.

நாக்கு வெந்த பிறகும் எபினேசர், "உப்பு பத்தலைண்ணே" என்றான்.

வாயிலேயே ஓங்கிக் குத்தினான் தவமணி. பல்லொன்று கிண்ணத்துக்குள் விழுந்தது. உதட்டு ரத்தம் அதிலேயே சொட்டியது.

"இப்ப சொல்லுடா!"

எபினேசர் இன்னொரு வாய் வாங்கி, வீடியோவில் செய்வதுபோலவே கண்ணை மூடிப் பொறுமையாக மென்றான்.

"இப்ப சரியா இருக்குண்ணே. ஏழு."

தவமணி ஓங்கிய கையை இறக்கினான். தன் சரக்கை அவன் ஒருநாளும் தின்று பார்த்ததில்லை. முள்கரண்டியைத் துடைக்காமலே, சிவந்த நூடுல்ஸைச் சுற்றியெடுத்துத் தன் வாயருகே கொண்டுபோனான்.