நோயில்லாத மூளை

மனச்சிதைவு நோய் வந்தவர்களின் மூளை எப்படி மாறுகிறது என்று வெற்றிச்செல்வி எழுதிய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்தது. வெளிநாடு என்பதால் பெரம்பலூரே மெச்சியது. பெண் பார்த்துவிட்டுப் போன ஜெயங்கொண்டத்து மாப்பிள்ளை வீட்டார் மட்டும் மறுநாளே பின்வாங்கிவிட்டார்கள்.

"ஆராய்ச்சி பண்ற பொண்ணு வேணாமாமா?" என்று தரகர் கொளஞ்சியிடம் பொரிந்தாள்.

"அதுல அவங்களுக்குப் பெருமைதாம்மா. கட்டுரையில இருக்குறது உன் மூளைப் படம்னு உங்கப்பா காட்டுனாருல்ல, அங்கதான் வந்துச்சு வினை."

"ஐயோ, நோயில்லாத மூளை இப்படித்தான் இருக்கும்னு காட்டத்தாங்க என்னோடதப் போட்டேன்!"

"அதையும் சொன்னாரும்மா. ஒண்ணுமில்லாமயா தலைய ஸ்கேன் எடுப்பாங்கன்னு கேக்குறாங்க. ஸ்கேனே எடுக்காத பொண்ணாத்தான் வேணுமாம்."

"மாப்பிள்ளை டாக்டர்தானே? அவராவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

கொளஞ்சி தொண்டையைச் செருமினார்.

"மொதல்ல கேட்டதே அவருதாம்மா."