பாலம் வரைக்கும்

கேட்டைத் தட்டும் சத்தம் கேட்டதும் நிஸாம் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். "நான் ஊட்ட இல்லன்னு சொல்லு," என்றார் மனைவியிடம்.

"ஒங்கட குறட்டை ரோட்டுக்கே கேட்டீக்கும். எழும்புங்க," என்று போர்வையை உருவினாள் றமீஸா.

வெளியே முனாப் நின்றுகொண்டிருந்தார். மடவளையிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து இன்னும் பெட்டிகளைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. அதற்குள் நிஸாமை நடக்க வைப்பதுதான் தன் தொழில் என்பதுபோல நாள் தவறாமல் விடியற்காலையில் வந்துவிடுகிறார்.

நிஸாமுக்குக் கொஞ்சம் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருந்தது உண்மைதான். கட்டுகஸ்தோட்டை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்து, நாள் முழுக்கக் கதிரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வராமல் என்ன செய்யும்?

"மழை தூறுது முனாப்," என்றார், கடைசி நம்பிக்கையாக.

"நல்லம்தானே நானா, தூசி இல்ல. வாங்க, பாலம் வரைக்கும் போவோம்," என்றார் முனாப், அண்ணன் முறை வைத்து.

நடப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், முனாபின் ஓயாத சிரிப்பைத்தான் நிஸாமால் பொறுக்க முடியவில்லை. முழங்கால் வலிக்கிறது என்றால், "கால் ஈக்கிறதாலதானே வலிக்குது" என்பார் முனாப். பஸ் சேற்றை அடித்துவிட்டுப் போனால், "கழுவினா போகும்" என்பார். மகாவலி ஆறு கலங்கி ஓடினாலும் அவருக்கு அழகுதான்.

போதாததற்கு, திரும்பி வந்து தன் வீட்டு வாசலை நெருங்கியதும், "இன்னும் கொஞ்சம் போவமா?" என்று நிஸாமின் கையைப் பிடித்துக்கொள்வார். அவர் மனைவி ரபீகா கேட்டருகில் நின்று இருவரையும் பார்த்தபடியே இருப்பாள்.

அன்று பாலத்தின் நடுவில் நிஸாமின் செருப்பு வார் அறுந்துபோனது.

"மத்தச் செருப்பையும் கழட்டுங்க நானா. வெறுங்காலோட நடக்கிறது ஒடம்புக்கு நல்லம்."

நிஸாமுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஒங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. அதான் இப்படிச் சிரிச்சிட்டுத் திரியிறீங்க. என்னய நிம்மதியா ஈக்க விடுங்க. நாளையிலேருந்து வர வேணாம்."

முனாபின் சிரிப்பு அப்படியே நின்றது. "சரி நானா," என்றார். வீடு வரும்வரை தலை குனிந்தபடி நடந்தார். வாசலிலும் கையைப் பிடிக்கவில்லை.

மறுநாள் கேட் தட்டப்படவில்லை. ஆசைதீரத் தூங்கலாம் என்று புரண்டு படுத்தார் நிஸாம். தூக்கம் வரவில்லை. பிளேன்டீ ருசிக்கவில்லை. கடையில் யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார்.

அடுத்த நாளும் அதே கதைதான். விடிந்ததும் கால்கள் தாமாகக் கட்டிலைவிட்டு இறங்கின. போக இடமில்லாமல் முற்றத்திலேயே மேலும் கீழும் நடந்தார். இப்படி ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட்டாரே என்று அந்த எரிச்சலும் முனாப் மேலேயே திரும்பியது.

பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த றமீஸா முகம் வாடித் திரும்பினாள்.

"என்ன, அவருக்கு என்மேல கோவமா?"

"கோவம் ஒண்டுமில்ல. அறையைப் பூட்டிட்டுப் படுத்தீக்கார். சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல. ரபீகா அழுறா."

நிஸாமுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. "எல்லாம் ஒன்னாலதான். என்னய எழுப்புறதுக்கு அந்த மனுசன ஏவி விட்டது நீதானே?"

றமீஸா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மடவளையில ஈக்கும்போதும் மாசக்கணக்கா இப்படித்தான் கெடந்தாராம். ஒங்களுக்குச் சீனி கூடிட்டு, நடக்கக் கூட்டிட்டுப் போக ஆளில்லன்னு நானும் ரபீகாவும்தான் அவர்ட்டச் சொன்னோம்."

"ஏன்?"

"அவர எழுப்பத்தான்."