கீழ் வீட்டுப் புகார்

"உங்க சைக்கிள் கத்துற கத்துல தெரு நாயெல்லாம் எழுந்து ஓடுது. அப்படி என்னதான் செய்யுது அதுக்கு?"

மாடிக்காரர் கேட்டுக்கு உள்ளே பாதி, வெளியே பாதியாக நின்றுவிட்டார். கீழ் வீட்டு அம்மாள் வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"புதுசு. மலையேறுற சைக்கிள்," என்றார் அவர். "பழகினா சரியாயிடும்னு..."

"எது பழகணும்? என் காதா?"

மாடியில் அவர் தனியாள். கீழே இவள் தனியாள். ஒரு வருஷமாக வாசலில் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்கி மற்றவருக்கு வழிவிடுவார், அதோடு சரி. மேலே ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும் சத்தம் இவளுக்குக் கேட்கும். கீழே குக்கர் ஒரு விசில் அடித்து அடங்குவது அவருக்குக் கேட்கும்.

"இன்னும் கொஞ்ச நாள்தான் இந்தத் தொந்தரவு," என்றார் செருப்பைப் பார்த்தபடி. "வேற இடம் பாத்தாச்சு. சாயங்காலம் சாவி தர்றேன்னு சொல்லியிருக்காங்க."

அவள் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்தன. "எங்க?"

"மேட்டுத் தெருவுல."

"அந்த எறக்கத்துலயா? இந்த வண்டியிலயா?" அவள் படியிறங்கி வந்தாள். "வாங்கின கடைக்கு இப்பவே போன் போடுங்க. எனக்கும் கேக்குற மாதிரி."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு சைக்கிள் சீட்டின் மேல் வைத்தார்.

"சொல்லுங்க சார், எங்க சத்தம்?" என்றார் கடை மெக்கானிக்.

"முன்னாடி. பள்ளத்துல இறங்கினா 'டக்'குங்குது. பிரேக் புடிச்சா..."

"தொண்டை கட்டின சேவல் மாதிரி கத்துது," என்றாள் அவள்.

மறுமுனை சிரித்தது. "அம்மா சரியா சொல்லிட்டாங்க. சார், பிரேக் தட்டுல எண்ணெய் கிண்ணெய் விட்டீங்களா?"

மாடிக்காரர் பெடலைக் காலால் ஒரு சுற்று சுற்றினார்.

"கேக்குறார்ல. விட்டீங்களா?"

"கீழ கேக்குமேன்னுதான்... தையல் மெஷின் எண்ணெய். ரெண்டே சொட்டு."

"பிரேக்குலயா!" அவள் முகம் வெளிறிப்போனது. கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "பிரேக்குல போய் யாராவது எண்ணெய் விடுவாங்களா? நிக்கணும்னு வச்சிருக்கிறதை வழுக்க விடுறதுக்கா?"

"பயப்படாதீங்கம்மா, நிறைய பேர் செய்யற வேலைதான். சுத்தமான துணியில ஸ்பிரிட் தொட்டுத் தட்டை நல்லா துடைக்கச் சொல்லுங்க. தட்டைக் கவ்வுற பிரேக் பேடைக் கழட்டி உப்புத்தாள்ல தேய்க்கணும். அப்பவும் வழுக்கினா ஓட்டாதீங்க, கொண்டு வாங்க, புது பேட் போட்டுடலாம்."

"அந்த 'டக்'கு?" என்றார் மாடிக்காரர்.

"அதுக்கு முன் பிரேக்கை இறுக்கிப் புடிச்சு வண்டியை முன்ன பின்ன ஆட்டணும். இன்னொருத்தர் ஹேண்டில் கழுத்துல கை வச்சுப் பாக்கணும். ஒத்தை ஆளால ஆகாது சார். வீட்ல யாராவது இருக்காங்களா?"

மாடிக்காரர் அண்ணாந்து மாடியைப் பார்த்தார்.

"நான் இருக்கேன்," என்றாள் அவள்.

"நீங்க சாருக்கு...?"

"கீழ் வீடு."

"குடுத்து வச்சவர் சார் நீங்க. எங்க கீழ் வீட்டுக்காரர் தண்ணி மோட்டாரை நிறுத்திட்டு ஊருக்கே போயிடுவாரு."

அவர் வண்டியை ஆட்டினார். அவள் ஹேண்டில் கழுத்தில் விரல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். "ஆடுது. உள்ள பல் ஆடுற மாதிரி ஆடுது."

பக்கத்து போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல் ஸ்க்ரூவை லேசாக முறுக்கி, மறுபடி பக்கத்து போல்ட்டுகளை இறுக்கச் சொல்லிவிட்டு மெக்கானிக் போனை வைத்தார்.

அவள் மருந்துப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் கொண்டுவந்தாள். பழைய உப்புத்தாள் ஒன்றும் கிடைத்தது. அவர் துடைக்கத் துடைக்க, "அந்தப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... துணியை மாத்துங்க" என்று குனிந்து நின்று வேலை வாங்கினாள்.

பேடைத் தேய்த்து மாட்டி, ஹேண்டில் போல்ட்டுகளையும் இறுக்கிய பிறகு அவர் தெருமுனை வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, மெல்ல மெல்ல பிரேக் பிடித்தார். அவள் நடுத்தெருவில் நின்று காதைக் கொடுத்தாள். மறுபடி போனார், வந்தார். கத்தல் முனகலானது. முனகலும் தேய்ந்தது. கடைசியில் வண்டி அவள் முன்னால் வந்து சத்தமில்லாமல் நின்றது.

"கேக்குதா?"

"கேக்கல."

செய்வதற்கு வேறு வேலை இல்லை.

அவர் வண்டியை மாடிப்படிக்குக் கீழே தள்ளி நிறுத்தினார். "சிரமம் குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் படியேறத் தொடங்கினார்.

"சாயங்காலம் சாவி வாங்கப் போகாதீங்க."

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினார். "சத்தம்தான் நின்னுடுச்சே. இன்னும் என்ன?"

அவள் சைக்கிளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நம்ம பிள்ளை பைக்ல விழுந்து போறதுக்கு முன்னாடி அதுவும் இப்படித்தான் ஒரு வாரம் கத்திச்சு. நீங்களும் கேட்டீங்க, நானும் கேட்டேன், ரெண்டு பேருமே என்னன்னு பாக்கல. வாங்கிக் குடுத்தவர்னு உங்களை மட்டும் மாடிக்கு விரட்டிட்டேன்."