இருமல் இல்லாத கார்

அந்த வீட்டுக் கிழ டீசல் காருக்கு அடியில் செவலை என்கிற நாய் குடியிருந்தது. போட்ட ஐந்து குட்டிகளில் மிஞ்சியது பொட்டு ஒன்றுதான்.

வீட்டில் எலெக்ட்ரிக் கார் லீஸுக்கு எடுக்கிறார்கள் என்றதும் செவலைக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டிப் பார்க்க இரண்டு கார்கள் வாசலுக்கு வந்தன. நீலக் கார் நகரும்போது முனகியது. வெள்ளைக் கார் மூச்சே விடவில்லை. செவலை ஓடிப்போய் வெள்ளைக் காரின் சக்கரத்தை நக்கியது.

"நாய்க்கே இதுதான் பிடிச்சிருக்கு, பாருங்க!" என்றாள் வீட்டம்மா. ஒரு மாதமாக மண்டையைக் குடைந்துகொண்டவர்கள், கடைசியில் நாயிடம் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்கள்.

"அடியே, கிளம்பறதுக்கு முன்னாடி நான் நாலு தடவை இருமுவேன். நீ குட்டியைக் கவ்விக்கிட்டு ஓடுவே. இவன் இருமுவானா?" என்றது டீசல் கார்.

"உனக்குப் பொறாமை தாத்தா. உன் எண்ணெய் சொட்டி என் முதுகெல்லாம் கறை. மூணு வருஷ லீஸாம். அதுவரைக்குமாவது என் பிள்ளை நிம்மதியாத் தூங்கட்டும்."

வெள்ளைக் கார் வந்த அன்று பூஜை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றார்கள். கற்பூரப் புகைக்குப் பயந்த பொட்டு காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. செவலை பதறவில்லை. இருமல் கேட்டதும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று, பழக்கதோஷத்தில், காதை நிமிர்த்திக்கொண்டு கேட் பக்கம் உட்கார்ந்திருந்தது.

கார் நகர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"நாலு பழம்தானே வெச்சோம்? அஞ்சு தரம் நசுங்கின மாதிரி கேட்டுதே," என்றாள் வீட்டம்மா.

செவலை இன்னும் இருமலுக்காகக் காத்திருந்தது.